பேக்கிங் விஜயகுமாரி

டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு. பிறகு ஓர் இடைவெளி. தாளைத் திருப்பிப் பிடிக்கிறார் என்று அர்த்தம். மறுபடி மூன்று தட்டு. தண்ணீர் மோட்டாரின் இரும்பு விளிம்பு ஒன்றின் மேல் சாம்பல் நிறத் தடித்தாளை விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியால் விளிம்போரமாகவே தட்டிக்கொண்டு போகிறார் விஜயகுமாரி. கத்தி கிடையாது. இரும்பின் ஓரமே தாளை வெட்டுகிறது. ஒரு சுற்று முடிந்ததும் நடுவிலிருக்கும் வட்டம் தானாகக் கழன்று அவர் மடியில் விழுகிறது. மிச்சத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். ஒரு நூல் கோணியிருந்தாலும் தாள் குப்பைக்குப் போகும். வேறு தாள் வரும்.

நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் அந்தக் கடைக்கு மேல்மாடியில் நான் குடியிருக்கிறேன். முதல் ஷிப்டு பஸ்கள் போய் ஓய்ந்ததும் இந்தச் சத்தம் தொடங்கும். மாடிக் கொடியில் காயும் வேட்டியில் கரித்தூளை உதறிக்கொண்டு நான் கீழே எட்டிப் பார்க்கும்போது, புடவை மேல் காக்கி முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கையும் வாயையும் ஈரத் துண்டால் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். வயது நாற்பத்தொன்பது. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்துபோய் அந்த இடத்தில் சைக்கிள் வால்வு ட்யூப் சுற்றியிருக்கிறது. கடைப் பலகையில் 'எல்லா வகை பேக்கிங்கும் வெட்டித் தரப்படும்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பெயர் இல்லை. அதனால் ஊரே அவரைப் பேக்கிங் அக்கா என்கிறது.

இரண்டு இரும்புகள் சேரும் இடத்தில் தண்ணீரோ எண்ணெயோ புகையோ கசியாமல் நடுவில் வைக்கும் தாள்தான் பேக்கிங். பக்கத்து ஊரான வடக்குத்து விவசாயிகளின் போர்வெல் மோட்டார், டிராக்டர், டிப்பர் லாரி, அரிசி மில் பாய்லர் என்று எல்லாவற்றுக்கும் வெட்டுவார். "இரும்பும் இரும்பும் இறுக்கினா சேந்துடும்னு நெனச்சிகினு இருக்காங்க. சேராதுங்க. நடுவுல ஒண்ணு விட்டுக் குடுத்துகினு ஒக்காரணும்" என்பார். தத்துவம் பேசும் தொனி அவரிடம் இருக்காது. அடுத்த வாக்கியமே, "அந்த அரத்த எடுங்க" என்றிருக்கும்.

அவரிடம் ஒரு வழக்கம். வண்டியிலிருந்து பழைய பேக்கிங்கைக் கழற்றியதும், புதிதை அளவெடுக்கும் முன்பே, பழையதைக் கத்தரியால் இரண்டாக வெட்டிவிடுவார். நன்றாக இருந்தாலும் சரி. வண்டிக்காரர்கள் பதறுவார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

ஒருநாள் காரணம் கேட்டேன். சட்டையின் இடது கையை முழங்கை வரை மடித்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி, பால் ஏடு போல மின்னியது. இருபத்தாறு வயதில் ஓர் அரிசி மில்லில் வேலை. பாய்லர் குழாய் கசிந்தது. நெல் வெந்துகொண்டிருக்கிறது, சீக்கிரம் என்று மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினார். கழற்றிய பேக்கிங் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அதையே விஜயகுமாரி திருப்பிப் போட்டு இறுக்கிவிட்டார். இரண்டு மணி நேரம் தாங்கியது. பிறகு நீராவி பீறிட்டது.

"என் கையி பரவால்லங்க. பக்கத்துல நின்னுகினு இருந்தது மருதமுத்துன்னு ஒருத்தரு. அவருக்கு ஒரு கண்ணு போச்சு. யாரும் என்னய ஒண்ணும் சொல்லல. அவசரப்படுத்துனது அவங்கதான்னு சொன்னாங்க. ஆனா போட்டது என் கைதான?"

பொங்கலுக்குப் பொங்கல் மருதமுத்து வீட்டுக்குப் போய் வருவாராம். என்ன பேசுவீர்கள் என்றேன். "ஒண்ணும் பேச மாட்டம். அவரு டீ போட்டுக் குடுப்பாரு. குடிச்சிட்டு வந்துடுவேன்."

இந்த ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடை வாசலில் ஒரு மோரிஸ் மைனர் வந்து நின்றது. 1955ஆம் வருஷத்து வண்டி. கரும்பச்சை நிறம், ஆமை முதுகு போன்ற கூரை, இரண்டு உருண்டை விளக்குகள். டீக்கடைக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. விஜயகுமாரி மட்டும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தார்.

"ஆஃப் பண்ணாதீங்க சார். ஓடட்டும்."

வண்டிக்குச் சொந்தக்காரர் நெடுமாறன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் முப்பத்துமூன்று வருஷம் இன்ஜினியர். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டார். வீட்டுக்கு முன்னால் இந்த வண்டிக்குத் தனிக் கொட்டகை. இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. சொல்ல வந்ததைத் தயாராக வைத்திருந்தார்.

"மேனிஃபோல்டுல லேசா டிக் டிக்னு சவுண்ட் வருதும்மா. பேஸ்ட் வச்சு நட்டை இறுக்கிட்டா போதும். வர்ற ஞாயித்துக்கெழம பாண்டிச்சேரியில பழைய கார் ராலி. பேர் குடுத்துட்டேன்."

என்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போக ஒரு குழாய்க் கொத்து, எரிந்த புகை வெளியே வர இன்னொரு கொத்து. இரண்டையும் மேனிஃபோல்டு என்கிறார்கள். மோரிஸ் மைனரில் இரண்டும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று பிணைந்து, என்ஜினின் இடது விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவே ஒரே பேக்கிங்.

விஜயகுமாரி ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைத் தன் காதில் வைத்து, மறுநுனியை அந்த இரும்பின் ஓரமாக நகர்த்தினார். மூன்று இடங்களில் நிறுத்தினார். பிறகு என்ஜினை விட்டுவிட்டு வண்டியின் இடதுபக்கக் கதவைத் திறந்தார்.

"இந்த சீட்டுல யாரு சார் ஒக்காருவாங்க?"

"யாரும் இல்ல. என் மிஸஸுக்கு கார் ஒத்துக்காது. பத்து கிலோமீட்டர் போனா தலைவலி, வாந்தி."

"பஸ்ஸுல?"

"பஸ்ல நல்லாத்தான் போவா."

விஜயகுமாரி குனிந்தார். இருக்கைக்குக் கீழே கால் வைக்கும் இடத்து மிதியடியைத் தூக்கி, தகரத்தில் விரலை ஓட்டினார். விரல் கறுத்தது. நெடுமாறன் சிரித்தார். "நெய்வேலியில எங்க தொட்டாலும் கரிதாம்மா."

"மைன்ஸ் கரி பழுப்பா, நறநறன்னு இருக்கும் சார்." விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினார். "இது மை கணக்கா வழுவழுன்னு இருக்குது. என்ஜின் புகை. அந்தப் பக்கம் கசிஞ்சி, தகர ஓட்டை வழியா இங்க உள்ள வந்துகினு இருக்குது. பஸ்ஸுல நல்லா போறவங்களுக்கு காரு மட்டும் எப்பிடி சார் ஒத்துக்காம போவும்?"

நெடுமாறன் அந்த விரலையே பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மதியத்துக்குள் மேனிஃபோல்டு கீழே இறங்கிவிட்டது. கசிவை அடைக்க யாரோ ஏற்கெனவே அதன் மேல் அப்பியிருந்த பேஸ்ட், காய்ந்த பற்பசை போல விரல் தடிமனுக்கு இருந்தது. எல்லாவற்றையும் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, டீசல் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவினார் விஜயகுமாரி. ஐந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் பொடியின் நடுவே மெல்ல ஓர் ஈரக்கோடு எழுந்தது. புகைக் குழாயின் கழுத்தில், குண்டூசி நீளத்துக்கு. உள்ளே புகுந்திருந்த டீசல் வெடிப்பின் வழியே வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது.

"கடைசியா எப்ப சார் கழட்டுனாங்க?"

"நாலு வருஷம் முன்ன. வெளியூர் ஒர்க்‌ஷாப்."

"ரெண்டு இரும்பையும் ஒண்ணோட ஒண்ணு மொதல்ல இறுக்கிட்டு, அப்பறமா இழுத்துப் புடிச்சி என்ஜின்ல மாட்டியிருக்காங்க. மொதல்ல என்ஜினோட ஒக்கார வச்சி, கடைசியாத்தான் ஒண்ணோட ஒண்ணு இறுக்கணும். இழுத்துப் புடிச்சா சூடு ஏறும்போது எங்கனா வுட்டுடும்."

"சரி, அந்தக் கோட்டு மேல பேஸ்ட் வையுங்க. ராலி முடியட்டும். வந்ததும் முழுசா செஞ்சுக்கலாம்."

"அதுக்கு நான் ஆள் இல்ல சார்."

"முப்பத்துமூணு வருஷம் மெஷினோட இருந்தவன் நான். ஒரு நாள் தாங்காதா?"

"தாங்கும். அதான் வைக்க மாட்டேன்றேன்."

நெடுமாறனின் முகம் சிவந்தது. வேறு ஆளிடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். விஜயகுமாரி மேனிஃபோல்டை ஒரு சாக்கில் சுற்றி அவர் முன்னால் வைத்தார். "எடுத்துகினு போங்க சார். யாரு வேணா செய்யட்டும். அம்மாவ மட்டும் அதுல ஏத்தாதீங்க." நெடுமாறன் சாக்கை எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை அதே ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தார். கூடவே அவர் மனைவி திலகவதி. அறுபது வயதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, கையில் ஒரு மருத்துவமனைக் கோப்பு. நேராகக் கடைக்குள் வந்து, ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னவோ கேட்டியாமே. ராத்திரி இவங்க வந்து, வண்டியில உனக்கு என்ன வாசம் வரும்னு கேக்காங்க. நாலு வருஷத்துல மொத தடவையா."

கோப்பைத் திறந்து காட்டினார். ரத்தப் பரிசோதனை. காதுக்குள் சமநிலை கெட்டிருக்கிறதா என்று ஒரு பரிசோதனை. தலைச்சுற்று மாத்திரைகளின் சீட்டு. எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று எழுதிய தாள்கள்.

"வாசம் வருதுன்னு சொன்னேம்மா. பழைய வண்டின்னா வரத்தான் செய்யும்னாங்க. எந்தங்கச்சி மகன் கல்யாணம் கும்பகோணத்துல. சேத்தியாத்தோப்பு பாலத்துக்கிட்ட என்னால முடியல, இறங்கிட்டேன். இவங்க மட்டும் போனாங்க. நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டேன். தாலி கட்டுறத பாக்கலை. அப்புறம் எல்லாரும், திலகாவுக்கு உடம்பு தாங்காது, கூப்பிடாதீங்கன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கே அப்படித்தான்னு ஆயிப்போச்சு."

நெடுமாறன் வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஜயகுமாரி துண்டை முகத்திலிருந்து அவிழ்த்தார். "ஒங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. புகை வாசமா வரும்போதாவது தெரியும். அதுக்குள்ள வாசமே இல்லாத வெசமும் இருக்குது. நீங்க எறங்குனது நல்லதாப் போச்சு." பிறகு நெடுமாறன் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கெழம ஆவாது சார்" என்றார்.

"தெரியும். செய்யுங்க" என்றார் நெடுமாறன்.

வெடிப்பை ஒட்ட வேண்டியது பக்கத்துக் கடை ரெஜின். முப்பத்தைந்து வயது, கேஸ் வெல்டிங்கில் நல்ல கை. வார்ப்பிரும்பு மற்ற இரும்பு போல இல்லை. ஓரிடம் மட்டும் சூடாகி மற்ற இடம் குளிர்ந்திருந்தால் கோபித்துக்கொண்டு விரிசல் விட்டுவிடும். வெடிப்பின் இரண்டு முனைகளிலும் சிறு துளை போட்டு, அது மேலும் ஓடாமல் தடுத்து, பித்தளைக் கம்பியை உருக்கிப் பற்றவைத்தார் ரெஜின். பொன் நிறத்தில் அழகாக உட்கார்ந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம். பற்றின் பக்கத்திலேயே புதிதாக ஒரு கோடு.

"போச்சுக்கா. வேற ஒண்ணு எங்கயாச்சும் தேடிக்கலாம்" என்றார் ரெஜின்.

"எங்க தேடுவ? எழுவது வருசத்து இரும்பு, சந்தையில குவிச்சி வச்சிருக்காங்களா? தப்பு இரும்புல இல்ல ரெஜின். நாம அவசரப்பட்டுட்டம். முழுசும் காய வச்சிருக்கணும்."

வியாழக்கிழமை முழுவதும் அவர் அடுப்புக் கட்டினார். சாம்பல் செங்கல் அடுக்கி, நடுவில் அடுப்புக்கரி நிரப்பி, மேனிஃபோல்டை முழுதாக அதில் புதைத்தார். இரும்பு முழுவதும் ஒரே மாதிரி மங்கலான சிவப்புக்கு வந்தபின், நெருப்பிலேயே வைத்து ரெஜினைப் பற்றவைக்கச் சொன்னார். வியர்வை கண்ணில் இறங்க இறங்க ரெஜின் முனகினார். "ஞாயித்துக்கெழம கோயில்ல சாமியார்கிட்ட ஒன்னயப் பத்திச் சொல்லப் போறன் பாருக்கா." வேலை முடிந்ததும் தகர டிரம்மில் உலர்ந்த சாம்பலைக் கொட்டி, சூட்டோடு மேனிஃபோல்டை உள்ளே புதைத்து மூடிவிட்டார் விஜயகுமாரி. வெள்ளி முழுவதும் யாரையும் அந்த டிரம்மைத் தொட விடவில்லை. தானும் தொடவில்லை. ஆனால் அதைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு நொடி நின்று காது கொடுத்தார்.

சனிக்கிழமை காலை சாம்பலைக் கிளறி வெளியே எடுத்தார். சுத்தியால் லேசாகத் தட்டினார். விரிசல் விட்ட மண்சட்டிச் சத்தம் இல்லை, மணிச் சத்தம். ரெஜின் தன் கடையிலிருந்தபடியே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. என்ஜினோடு ஒட்டும் முகம் தட்டையாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தால் போதாது. ஒரு தடித்த கண்ணாடிப் பலகையில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து மெல்லிசாகப் பூசினார். மேனிஃபோல்டின் முகத்தை அதன் மேல் வைத்து ஒரு முறை நகர்த்தி எடுத்தார். மேடான இடங்களில் மட்டும் சிவப்பு ஒட்டியது. அந்தச் சிவப்பை மட்டும் அரத்தால் ராவினார். துடைத்து, மறுபடி கண்ணாடியில் வைத்தார். மறுபடி ராவினார். ராவுகிற கையை விட, எங்கே நிறுத்துவது என்று பார்க்கிற கண்தான் அதிகம் களைத்துப்போகும் வேலை இது. மாலைக்குள் எத்தனை முறை என்று எண்ண ஆரம்பித்தேன். நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நெடுமாறன் வந்தார். "இந்நேரம் பீச் ரோட்டுல எல்லா வண்டியும் வரிசையா நிக்கும்" என்று ஒருமுறை சொன்னார். விஜயகுமாரி நிமிரவில்லை. நெடுமாறன் சட்டைப் பையிலிருந்த பேனாக்களை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, குங்குமக் கிண்ணத்தைக் கையிலெடுத்துக் கண்ணாடியில் பூச ஆரம்பித்தார். முதல் பூச்சு தடித்துப்போனது. "அவ்ளோ வேணாம் சார். பொட்டு வைக்கிற அளவு" என்றார் விஜயகுமாரி. அதற்குப் பிறகு சரியாகப் பூசினார். சாயங்காலம் மேனிஃபோல்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்தபோது முகம் முழுக்க ஒரே சீராகச் சிவந்திருந்தது. நெடுமாறன் அதைத் தன் கைபேசியில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. திரையில் 'திலகா' என்ற பெயர் தெரிந்தது.

திங்கட்கிழமை பேக்கிங் வெட்டினார். செவ்வாய்க்கிழமை, இரண்டு கொத்துகளையும் தளர்வாகச் சேர்த்து, என்ஜினில் உட்காரவைத்து, நடு நட்டிலிருந்து தொடங்கி இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று கால் திருகு கால் திருகாக இறுக்கினார். கடைசியாகத்தான் இரண்டையும் ஒன்றோடொன்று பூட்டினார். புகைக் குழாயின் பின்வாயில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, சுற்றிலும் துணியைத் திணித்து, குழாய் வழியே காற்று ஏற்றி, சேரும் இடமெல்லாம் சோப்பு நுரையைத் தடவினார்.

எல்லாரும் குனிந்து பார்த்தோம். நுரை அசையவில்லை. நெடுமாறன் பெருமூச்சு விட்டார். அப்போது மூன்றாவது வாயின் கீழ் ஓரத்தில் மிளகு அளவு ஒரு குமிழி எழுந்து, நின்று, உடைந்தது. அரை நிமிஷம் கழித்து இன்னொன்று.

"இதெல்லாம் சூட்டுல தானா அடைஞ்சிரும்மா" என்றார் நெடுமாறன். குரலில் கெஞ்சல் இருந்தது. அவருக்கும் முதுகு வலித்திருக்கும்.

"அடையும் சார், அடையாமயும் போவும்."

ஸ்பேனரை எடுத்துக் கடைசி நட்டிலிருந்து திருப்பிக் கழற்றத் தொடங்கினார். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் இறங்கின. பேக்கிங்கை உரித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அந்த இடத்தில் தாளுக்கடியில் அரத்தூள் ஒன்று அழுந்தியிருந்தது. கடுகில் பாதி. தூசியைத் தட்டிவிட்டு அதே தாளைப் போட்டிருக்கலாம். ஒரு நாள் உழைப்பு அது. கத்தரியை எடுத்து இரண்டாக வெட்டினார். புதுத்தாளை விரித்துச் சுத்தியைக் கையில் எடுத்தார். நெடுமாறன் தரையைக் கூட்ட விளக்குமாற்றைத் தேடிப் போனார்.

புதன்கிழமை மதியம் நுரை கால் மணி நேரம் அப்படியே கிடந்து காய்ந்துபோனது. ஒரு குமிழிகூட இல்லை.

ஓட்டிப் பார்க்க வேண்டும். திலகவதியை அழைத்து வர நெடுமாறனே ஆட்டோவில் போனார். வந்தவர் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். இடதுபக்கக் கதவைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"நான் பின்னால பஸ்ல வாரேனே. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க."

"அம்மா, நீங்க வராம இது முடிஞ்சதுன்னு நான் சொல்ல முடியாது" என்றார் விஜயகுமாரி. "சோப்பு ஒரு சாட்சி. நீங்க ஒரு சாட்சி. நான் பின்னாலயே ஒக்காந்துகினு வரேன். ஒங்களுக்கு ஒரு மாதிரி இருந்தா சொல்ல வேணாம், கைய மட்டும் தூக்குங்க. வண்டி நிக்கும். நான் மறுபடி கழட்டுவேன்."

"இன்னொரு தடவையா?"

"இன்னும் எத்தினி தடவ வேணும்னாலும்."

திலகவதி ஏறினார். கையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் பத்திரமாகச் சுருட்டிப் பிடித்திருந்தார். பின்சீட்டில் விஜயகுமாரியும் நானும். ஜன்னல்கள் நான்கையும் ஏற்றச் சொன்னார். வண்டி பஜாரைத் தாண்டி சேத்தியாத்தோப்பு சாலையில் ஏறியது. வியர்வையில் எல்லாரும் நனைந்தோம். நெடுமாறனின் கண் பாதி சாலையிலும் பாதி மனைவியின் கையிலும் இருந்தது. விஜயகுமாரி முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மூக்கைத் திலகவதியின் தோளுக்குப் பக்கத்தில் நீட்டி, முகர்ந்துகொண்டே வந்தார்.

பத்து கிலோமீட்டர் போயிற்று. பதினைந்து. இரு பக்கமும் நடவு முடிந்த வயல்கள் வந்தன. திலகவதி அன்று இறங்கிவிட்ட அந்த வெள்ளாற்றுப் பாலம் தெரிந்ததும் அவர் கை மெல்ல உயர்ந்தது.

நெடுமாறன் பிரேக்கை அழுத்தினார். வண்டி பாலத்துக்கு முன்னால், ஒரு டீக்கடை ஓரமாக நின்றது. விஜயகுமாரியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"தலை சுத்துதா?" என்றார் நெடுமாறன்.

"இல்ல." திலகவதி கொஞ்சம் யோசித்தார். தன் உடம்பிடமே கேட்டுக்கொள்கிறவர் போலிருந்தது. "பசிக்குது."

கடைப் பக்கம் கையைக் காட்டினார். "காலையில பயத்துல ஒண்ணும் சாப்பிடலை. அங்க வடை போடுறாங்க, வாசம் வருது" என்றார். கதவைத் தானே திறந்து இறங்கிக் கடையை நோக்கி நடந்தார். அந்தப் பிளாஸ்டிக் பை சீட்டிலேயே கிடந்தது.

நெடுமாறன் என்ஜினை நிறுத்தினார். பிறகு அவரும் இறங்கிப் போனார். கடை பெஞ்சில் மனைவி பக்கத்தில் நின்று ஏதோ சொன்னது எனக்குக் காதில் விழவில்லை. திலகவதி சொன்னது விழுந்தது. "கும்பகோணத்துக்கு நான் எழுதிப் போட மாட்டேன். நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க, என் உடம்புக்கு ஒண்ணுமில்லன்னு. எந்தங்கச்சிகிட்ட சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

அவர் சொன்னார். ஸ்பீக்கரில்தான். தப்பு வண்டியில் என்று ஆரம்பித்து, நிறுத்தி, "தப்பு எங்கிட்டம்மா" என்று முடித்தார். மறுமுனையில் தங்கை அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. திலகவதி இரண்டாவது வடையைப் பிட்டார்.

விஜயகுமாரி அங்கே வரவில்லை. திலகவதி இறங்கியதுமே தானும் இறங்கி, பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, சாலையோரக் கல் ஒன்றில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். புதுப் பேக்கிங் முதல் சூட்டில் ஒரு நூல் அமுங்கும். இரும்பு முழுக்க ஆறியபின் ஒவ்வொரு நட்டையும் இன்னும் கொஞ்சம் திருக வேண்டும். அது இன்றைக்கே ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. நெடுமாறன் ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் தாளில் மடித்த வடையுமாக அவரிடம் போனார். நன்றி என்று ஏதோ இங்கிலீஷில் ஆரம்பித்து, தமிழுக்கு மாறி, இரண்டிலும் முடிக்க முடியாமல் டீயை நீட்டினார்.

"வெயில் ஏறுதும்மா. வீட்டுக்குப் போயி பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, காலியான கையால் பானெட்டை இறக்கப் போனார்.

விஜயகுமாரி வாங்கிய டம்ளரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையை, தழும்புள்ள அந்தக் கையை இல்லை, ஸ்பேனர் பிடித்திருந்த வலக்கையை, இறங்கிவரும் தகரத்துக்குக் குறுக்கே நீட்டி அப்படியே வைத்துக்கொண்டார்.